இறாலுக்கும் காப்பு

என் மாமியார் என்னோடு நேராகப் பேசமாட்டார். கோபமெல்லாம் இல்லை, மரியாதை. மருமகனிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். மாமனார் காலமான பிறகு ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த வழக்கமும் கூடவே வந்தது.

மாசித் திருவிழாவுக்குக் கோவிலில் காப்புக் கட்டிய அன்று மாலை, மாமி முன் ஹோலில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்.

"காப்புக் கட்டியாச்சு. வீட்டுல கவுச்சி இருக்கக் கூடாது. இறாலை வெளிய கொண்டுபோகச் சொல்லு."

தொட்டியில் இருந்தவை அரை விரல் நீளம்கூட வராத சிவப்பு இறால்கள். கண்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, கிணற்றுத் தண்ணீரில் நான் வளர்ப்பவை. எல்லாவற்றையும் சமைத்தாலும் ஒரு கரண்டி தேறாது. மனைவி வழியாக இதைச் சொல்லிப் பார்த்தேன். அம்மனுக்குக் கரண்டிக் கணக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

அந்த வாரம்தான் ஒரு பெண் இறால் முட்டை சுமந்திருந்தது. வயிற்றுக்கடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தது. இடம் மாற்றினால், தண்ணீரின் சூடு கொஞ்சம் மாறினால், பயந்து அத்தனையையும் உதறிவிடும். முன்பு ஒன்று அப்படித்தான் உதறியது. அன்று எனக்குச் சோறு இறங்காததை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா வாளியோடு வாசலில் நின்றார். மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"குடுங்க தம்பி, திருவிழா முடியிற மட்டும் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நல்ல மனிதர். ஆனால் அந்த வாளியைப் பார்த்ததும்தான் என் மூளை வேலை செய்தது. போன திருவிழாவில் என் நண்பன் கல்யாணத்துக்கு நான் கொழும்புக்குப் புறப்பட்டபோது, மாமி ஒரு விதியைச் சொல்லித்தான் நிறுத்தினார்.

"காப்புக் கட்டினா வீட்டாளுங்க வெளிய போய் ராத்தங்கக் கூடாதுதானே? உங்கம்மாகிட்ட கேளு" என்று மனைவியிடம் சொன்னேன். "கட்டுறப்ப இதுங்களும் வீட்டுலதான் இருந்துச்சு."

மாமி யோசித்தார். தான் சொன்ன விதியில் தானே மாட்டிக்கொண்டாலும் அதை மீறுகிறவர் இல்லை.

"அப்ப இருக்கட்டும். ஆனா வீட்டாளுங்கன்னா விரதமும் இருக்கணும்னு சொல்லு."

நானா வெறும் வாளியோடு திரும்பினார். இறால் தீனியை மாமி முகர்ந்து பார்த்து, கருவாட்டு வாடை என்று ஒதுக்கிவிட்டார். தினமும் தானே உப்பில்லாமல் பசளிக்கீரை அவித்துப் போட்டார். இறாலுக்குக் கீரை என்றால் உயிர் என்பதை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு கண்டம் வந்தது. மாமி வேப்பிலையால் வீடெங்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். வீட்டாட்கள் எல்லார் மேலும் தெளிக்க வேண்டுமாம். தொட்டியின் மூடி திறந்திருந்தது. நான் பாய்ந்து குறுக்கே நின்று, அவ்வளவையும் முகத்தில் வாங்கிக்கொண்டேன்.

"அவருக்கு இவ்வளவு பக்தியா?" என்று மாமி மகளைக் கேட்டார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலை, பாசிக்குள் தூசி போல ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். தூசிக்குக் கண் இருந்தது. குஞ்சுகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடச் சந்தைக்குப் போய், புத்தியில்லாமல், கடல் இறால் வாங்கி வந்தேன்.

மாமி பையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"வீட்டாளுங்க முன்னால இதை எப்படி ஆக்குறது? நானா வீட்டுல குடுத்துட்டு வரச் சொல்லு. இனிமே இங்க இறால் ஆக்குறதில்லன்னும் சொல்லு."

மத்தியானம் நானா வீட்டிலிருந்து இறால் பொரிக்கும் வாசனை வந்தது. மாமி கீரைக் கிண்ணத்தோடு போய், தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

நேராகவே கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. பொய் சொல்வானேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"கீரை மிச்சம் இருக்கு. அவரையும் சாப்பிடச் சொல்லு."