தௌசீஃப் கொடுத்த கை

கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் ராயபுரத்துக்கு வந்து ஷெர்லினிடம் கேட்டுக்கொள்ளலாம். பாதியை அவள் கண்ணால் பார்த்தவள். நடந்தது ராத்திரியில் இல்லை. சுடுகாட்டிலும் இல்லை. அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கிற தெரு. அந்தத் தெருவில் ஒரு மாடி அறை. பேய் வெயிலில் வராது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

தௌசீஃப் அந்த மாடியில் நரம்புப் பரிசோதனை செய்கிறவன். கை மரத்துப்போனவர்கள், கால் எரிகிறவர்கள், மணிக்கட்டுத் தொங்கிப்போனவர்கள் எல்லாம் அவனிடம் வருவார்கள். தசையின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டுவான். நரம்பு ஓடுகிற இடத்தில் சின்னதாக ஒரு ஷாக் வைப்பான். நரம்பு நன்றாக இருந்தால் கை துள்ளும், திரையில் ஒரு மலை எழும். செத்திருந்தால் வெறும் கோடு. வேலை இவ்வளவுதான். ஆனால் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தடவிப் பிடிக்க ஒரு கை வேண்டும். மற்றவர்கள் நாலைந்து ஷாக் வைத்துத் தேடுவதை தௌசீஃபின் வலது கை முதல் ஷாக்கிலேயே பிடித்துவிடும். எம்.கே.பி. நகரில் அவன் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கையால். எட்டு மாதக் குழந்தை ரூஹி தூங்குவதும் அந்தக் கையில்தான்.

கை நல்ல கை. வாய்தான் கெட்ட வாய். வலியில் முனகினால் “இன்னாபா, பிரசவமா ஆவுது உனக்கு?” என்பான். கிழவர், பெண், நோயாளி என்றெல்லாம் பார்க்க மாட்டான். அவனுக்கு எல்லாரும் ஒரு கோடு, ஒரு மலை. அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மெஷினைப் போட்டதும் முதல் ஷாக்கைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வான். மலை எழுந்தால் மெஷின் சரி. இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான், தப்பில்லை. தௌசீஃப் அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அன்றைக்கு ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தான். முன் மேசையில் பெயர் பதிகிற ஷெர்லின் சாப்பிடப் போயிருந்தாள். மணி இரண்டே கால். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. டெஸ்ட் எடுக்கும்போது ஏசி, ஃபேன், டியூப் லைட் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் திரையில் புகுந்து கோட்டை நடுங்க வைக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினைப் போட்டான். திரையின் நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியது.

திரும்பினான்.

நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

அந்த மாடிக்கு இரும்புப் படி. பூனை ஏறினாலும் ‘டங் டங்’ என்று கேட்கும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். வலது கை மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. பழைய பேட்டரியை உடைத்தால் வருமே ஒரு புளித்த நெடி... அது லேசாக வந்தது.

“சீட்டு எங்க?” என்றான் தௌசீஃப்.

“பரசுராமன்.”

“பேர யாரு கேட்டா? சீட்டு.”

தௌசீஃப் எரிச்சலில் உச்சுக்கொட்டிக்கொண்டு அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்தான். பிடித்தவன் விட்டுவிட்டான். அவ்வளவு குளிர்ச்சி.

குளிர்ந்த நரம்பு மெதுவாக ஓடும், ரிப்போர்ட் தப்பாக வரும். அதனால் கையை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, பிளாஸ்டிக் டப்பில் விளாவி, அந்தக் கையை உள்ளே வைத்தான். ஐந்து நிமிடம் போனது. சூடு போதுமா என்று தன் விரலை விட்டுப் பார்த்தான். தண்ணீர் காசிமேட்டு மீன் ஐஸ்பெட்டியில் தேங்கின தண்ணீர் மாதிரி இருந்தது.

கெட்டில் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். மனசுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டுமே.

ஸ்டிக்கர்களை ஒட்டினான். திரையைப் பார்த்தான். கோடு அசையவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. நல்ல சுத்தமான கோடு என்று நினைத்தவன் கீழே பார்த்தான். பச்சை ஒயர் தரையில் கிடந்தது. அதுதான் எர்த். அதை ஒட்டவே இல்லை. எர்த் இல்லாமல் உயிருள்ள எந்த உடம்பில் ஒயரை மாட்டினாலும் கோடு கன்னாபின்னாவென்று துள்ளும். இங்கே துள்ளவில்லை.

குனிந்து அதை எடுத்து ஒட்டினான். கோடு அப்போதும் நேராகவே நின்றது.

முழங்கைக்கு மேலே ஷாக் வைத்தான். ‘டக்’. கோடு. கூட்டினான். ‘டக்’. கோடு. லாரி ஓட்டுகிறவர்கள்கூட பாதி ஷாக்கில் அம்மா என்று அலறுவார்கள். முழு ஷாக்கையும் வைத்தான். ‘டக்’. தோல்கூடத் துடிக்கவில்லை. அந்த ஆள் கண்ணைச் சிமிட்டவும் இல்லை. உட்கார்ந்ததிலிருந்தே சிமிட்டவில்லை என்பது அப்போதுதான் தௌசீஃபுக்கு உறைத்தது.

“நரம்பு போயிட்ச்சு” என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. “சாயங்காலம் டாக்டரு வருவாரு. அப்ப வா.”

“போன தபா நல்லா கீதுன்னு எய்திக் குட்த்தியே நைனா.”

“எப்ப?”

“பட்டறையில.”

அப்போது ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் ஒரு மருத்துவ கேம்ப். விம்கோ நகரைத் தாண்டி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறை. ஈயப் புகை நரம்பைத் தின்னும். பல பேருக்கு மணிக்கட்டைத்தான் முதலில் தொங்கவிடும். அன்றைக்கு எல்லாருக்கும் பார்த்து முடித்தபோது ஒரே ஒருவன் கை மட்டும் கோடு. மேனேஜர் வந்து தோளில் கை போட்டார். “எல்லாம் நார்மல்னு முடிச்சிருங்க தம்பி. ஒருத்தனால தொழிலே நின்னுடும்” என்றார். தௌசீஃப் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. பசி, அவ்வளவுதான். ஸ்டிக்கரைப் பிய்த்துத் தன் வலது கையில் ஒட்டிக்கொண்டான். ‘டக்’. அழகான மலை. அதைப் பரசுராமன் என்ற பெயரில் ஏற்றிவிட்டு பிரியாணி தின்னப் போனான். இப்படியும் ஒரு மனிதன் செய்வானா என்று கேட்காதீர்கள். செய்தான்.

“அது உன் கை தான?” என்றான் எதிரில் இருந்தவன்.

தௌசீஃப் எழப் பார்த்தான்.

“அந்தக் கைய நம்பித்தான் வேலைக்குப் போனேன்.”

“அண்ணே... நான் வேற எய்தித் தரேன். இப்பவே தரேன்.”

“காயிதம் வாணாம்.”

தொங்கிக்கொண்டிருந்த கை மெல்ல நிமிர்ந்தது.

“எம்பேர்ல குட்த்துட்ட இல்ல? குடு.”

ஐந்து விரல்களும் தௌசீஃபின் வலது மணிக்கட்டைச் சுற்றின. அந்தக் குளிர் எலும்பு வரை ஏறியது. இழுத்தான். அசையவில்லை. கத்தினான். சத்தம் வரவில்லை.

‘டக்’.

ஷாக் கருவி மேசையில் கிடந்தது. யாரும் தொடவில்லை.

‘டக்... டக்...’

திரையில் ஒரு மலை எழுந்தது.

தௌசீஃபின் மலை. அவன் தினமும் காலையில் பார்க்கிற அதே மலை.

எதிரே இருந்தவனின் விரல்கள் துள்ளின.

பிடி இறுகியது.

‘டக்.’

வலி... பிறகு எரிச்சல்... பிறகு...

ஒன்றும் இல்லை.

‘டங் டங்’ என்று படிச் சத்தம் கேட்டது. ஷெர்லின் வந்து வாசல் திரைச்சீலையை விலக்கி லைட்டைப் போட்டாள். அவள் பார்த்தது இதுதான். நோயாளி உட்காரும் நாற்காலியில் தௌசீஃப் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் வலது கையில் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. திரையில் நேர்க்கோடு. காலடியில் டப்பு. புழுங்குகிற அந்த அறையில் டப்பின் வெளிப்பக்கம், ஐஸ் போட்ட சோடா பாட்டில் மாதிரி வியர்த்து நின்றது.

“இன்னா தௌசீஃப், உனக்கே டெஸ்டா?” என்று சிரித்தாள்.

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். முழங்கை வரைதான் தூக்க முடிந்தது. மணிக்கட்டு மடிந்து தொங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். கழுத்து ஸ்கேன், மூளை ஸ்கேன், ரத்தம். ஈயம் ஒரு துளி இல்லை. அடிபட்ட தடமும் இல்லை. அங்கே இருந்த டெக்னீஷியன் ஒருத்தி ஸ்டிக்கர் ஒட்டி ஷாக் வைத்தாள். கோடு. கூட்டி வைத்தாள். கோடு. “எத்தன வருஷமா இப்டி இருக்கு?” என்று கேட்டாள். இரண்டு நாள் என்றான். அவள் நம்பவில்லை.

வீட்டில் ரூஹியை இடது கையால் தூக்கினான். குழந்தை வழுக்கியது. மனைவி நவ்ரீன் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். “நீ தூக்காத” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். தௌசீஃப் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதான்.

கை திரும்பி வர வேண்டும். அதற்காக யார் காலிலும் விழத் தயாராக இருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் பரசுராமன் வீட்டு விலாசத்தை விசாரித்து வியாசர்பாடிக்குப் போனான். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவள் பரசுராமனின் மனைவி கெங்கம்மா. அவள் தோளுக்குப் பின்னால் சுவரில் போட்டோ. மாலை. அதே முகம், கழுத்து வரை பொத்தான்.

“அவரு செத்து நாலு மாசம் ஆவுது” என்றாள். “யாரு நீ?”

சொன்னான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று காத்திருந்தான். அவள் உள்ளே வரச் சொன்னாள். தரையில் உட்கார்ந்தான்.

“கையில புடி இல்ல புடி இல்லன்னு தெனம் அய்வாரு” என்றாள். “டெஸ்ட்டுல நல்லா கீது, நீ நடிக்கிறன்னு சொல்லி, காச்சுன ஈயத்த மொள்ற எடத்துலயே நிக்க வச்சாங்க. கரண்டி நழுவிடுச்சி. மேலெல்லாம் ஊத்திகினாரு. ஆறு நாளு கெடந்தாரு.”

“அக்கா... மன்னிச்சிருக்கா. எனக்குக் கொழந்த கீது. இந்தக் கை இல்லாட்டி...”

கெங்கம்மா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். முகத்தில் இரக்கமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

“உனக்கும் வலது கை தானா?”

“உனக்கும்னா?”

“அந்த மேனேஜரும் வந்தாரு. சித்திர பொறந்த கையோட. இதே மாரி தொங்க வுட்டுகினு, நீ குந்திகினு கீற அதே எடத்துல குந்திகினு அய்தாரு.”

தௌசீஃபுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தன்னைப் போல இன்னொருவன். “இப்ப எப்டி கீறாரு? கை சரியாச்சா?”

“போன வாரம் எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டாங்களா? கைய வெட்டிட்டாங்களா?”

“பொணத்த.”

தெருவில் பையன்கள் பந்து விளையாடுகிற சத்தம் மேலே வந்தது.

“கை தொங்குனா சாவ மாட்டாங்கக்கா...”

“அவரு பொண்டாட்டி சொல்லிச்சி. மொதல்ல கை. ஒரு வாரத்துல காலு. அப்பால மூச்சு.”

மூச்சுக்கும் ஒரு நரம்பு இருக்கிறது. கழுத்திலிருந்து இறங்கி நெஞ்சுக்குக் கீழே போகிறது. அதையும் ஷாக் வைத்துப் பார்த்திருக்கிறான் தௌசீஃப். அதையும் கோடாகப் பார்த்திருக்கிறான். இப்போது ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான். வந்தது. இன்னொன்று இழுத்தான். வந்தது.

கெங்கம்மா எழுந்து கதவைத் திறந்தாள்.

“இங்க வுயுந்து கெடக்காத. வூட்டுக்குப் போயிடு.”

தௌசீஃப் இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். மடக்கிய வலது கால் மடக்கியபடியே கிடந்தது.