எரிந்த மோட்டார் கொண்டு வரவும்

போன வாரம் சேகரின் மகளைப் பிளஸ் ஒன் சேர்ப்பதற்காக வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். சேகர் என் பெரியப்பா மகன். ஆட்டோ ஓட்டுகிறான். தாழ்வாரத்தில் பெஞ்சுகளுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தார்கள். மரத்துக்கு அடிக்கிற வார்னிஷ் வேறு, மோட்டார் காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷ் வேறு. எனக்கா தெரியாது? மோட்டாருக்குக் காயில் கட்டித்தான் இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறேன். ஆனால் மூக்குக்கு அந்த வித்தியாசமெல்லாம் புரிவதில்லை. வாசனை ஏறிய உடனே முதுகு தானாகச் சுருங்கிக்கொண்டது. எனக்கு வார்னிஷ் என்றால் அடி.

சுவரில் என்னென்ன குரூப் என்று பெரிதாக எழுதியிருந்தது. கணக்கோடு கம்ப்யூட்டர், கணக்கோடு பயாலஜி, காமர்ஸ், அதிலேயே இரண்டு மூன்று தினுசு. வாய் சும்மா இருக்காமல், விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "வொகேஷனல் இல்லீங்களா மேடம்?" அந்த அம்மா என் தலை நரையைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எடுத்து ரொம்ப நாளாச்சுங்க சார்" என்றார்.

எங்கள் காலத்தில் குரூப்பை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை ஐயா. மார்க் ஜாஸ்தி என்றால் ஃபர்ஸ்ட் குரூப், கொஞ்சம் இறங்கினால் செகண்ட், அதற்கும் கீழே தேர்ட். அதிலும் நிற்காமல் வழுக்கி விழுந்தவர்களுக்கு மைதானத்தின் கோடியில் தகரக் கொட்டாய். அதுதான் வொகேஷனல் என்கிற தொழில் பாடம், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டுகிற ரீவைண்டிங். சேகரையும் என்னையும் அதில் தள்ளிய அன்றைக்கே, தலைமையாசிரியர் அறை வாசலில் வரிசையில் நின்றபடி பெரியப்பா சேகரை அறைந்தார். பின்னால் நின்ற என்னையும் ஒன்று வைத்தார். எனக்கு அப்பா இல்லை, ஆகையால் அடிப்பதில் அவர் பாரபட்சம் பார்க்க மாட்டார்.

அந்த வருஷங்களை நினைத்தால் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஃபர்ஸ்ட் குரூப் பையன்கள் எங்களைக் "கொட்டாய்ப் பசங்க" என்பார்கள், நாங்கள் கல்லால் அடிப்போம். அவர்கள் மூக்கு உடையும், எங்கள் மண்டை உடையும். அதற்காக எங்கள் சார் மறுபடி எங்களையே அடிப்பார், அதுவும் பழைய காப்பர் ஒயரை மூன்று புரியாக முறுக்கி. "மூணு பேஸும் ஒண்ணா எறங்குதா?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார். படுபாவி, அதில் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அந்தக் கொட்டாயில் ஓர் அதிசயமும் நடந்தது. எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிற சேகருக்குக் காயில் இறக்குவது கைவந்த கலையாகிவிட்டது. தலைமுடி மாதிரிக் கம்பிகளை ஒவ்வொன்றாக மோட்டாரின் இரும்புக் காடிப் பள்ளத்துக்குள் விரலாலேயே படியவைப்பான். சாரே அடிக்க ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். நான் இறக்கினால் கம்பி உரசி மேல்பூச்சு போய்விடும், எனக்கும் முதுகில் தோல் போய்விடும்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தது. அதில் தேறாவிட்டால் மற்ற பாடத்தில் எவ்வளவு வாங்கினாலும் பெயில்தான். இரண்டு பேருக்கு ஒரு மோட்டார், அதையும் நாங்களே கொண்டுவர வேண்டும். "எரிந்த மோட்டார் கொண்டு வரவும்" என்று சார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். எல்லோருக்கும் எங்கேயாவது ஒன்று கிடைத்தது. எங்கள் ஊரில் மட்டும் ஒரு மோட்டார் எரியவில்லை. ஊரே எங்களுக்கு விரோதமாக ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வயலுக்குப் போனேன். பெரியப்பாவின் கிணற்று மோட்டார் வினோதமாக உறுமியது. கொட்டகைக்குள் புகை. வார்னிஷ் தீய்கிற நாற்றம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சேகர் சாவகாசமாக வெளியே வருகிறான். "எரிஞ்சுடுச்சுடா" என்றான், லாட்டரி விழுந்தவன் மாதிரி. மூன்று ஃபியூஸ் கட்டையில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, மூன்று பேஸ் கரண்டில் ஓட வேண்டிய மோட்டாரை இரண்டு பேஸில் தவிக்கவிட்டிருக்கிறான். பழி கரண்டுக்குப் போகும் என்று கணக்கு. அந்த மடையன் செய்த ஒரே தப்பு, பிடுங்கிய கட்டையைத் திரும்பச் சொருகாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான்.

நெல் பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் நின்றால் அத்தனையும் பதர். பெரியப்பா வந்தார், புகையைப் பார்த்தார், பலகையில் ஒரு கட்டை குறைவதைப் பார்த்தார், மகனுடைய சட்டைப் பையைப் பார்த்தார். கிடந்த ஓஸ் பைப் துண்டை எடுத்தார்.

அந்த அடியை நான் விவரிக்க மாட்டேன். எனக்கும் விழுந்தது, ஆனால் அது சும்மா வழியில் பட்டது. சேகர் முகத்தை மறைக்க இரண்டு கையையும் தூக்கினான், அடியெல்லாம் கையில் இறங்கியது. "நைனா, பரிச்சைக்கு நைனா, நானே கட்டித் தந்துடுறேன் நைனா" என்று அலறினான். வலது ஆள்காட்டி விரலில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவர் நிறுத்தினார்.

டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் தேர்வு அன்றைக்குப் பெரியப்பாவே மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொட்டாய்க்குக் கொண்டுவந்து இறக்கினார். விரலுக்குக் கட்டுப் போடலாம் என்று நான் மன்றாடினேன். சேகர் கேட்கவில்லை. "கையில கட்டப் பாத்தா வெளியூரு எக்ஸாமினர் தொரத்திடுவான்டா. நெல்லும் போயிடும், பரிச்சையும் போயிடும். நீ எறக்கு, நான் சொல்றேன்."

வீங்கிய கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். நான் இறக்கினேன். "இழுக்காத. தடவு. டேய், உரசுதுடா நாயே." எக்ஸாமினர் திரும்பிய நேரமெல்லாம் என் முழங்காலில் உதைத்தான். என் கண்ணீர் மோட்டாருக்குள்ளேயே விழுந்தது. ஜன்னல் வழியாகப் பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார், என் விரல்களை மட்டும்.

மோட்டார் ஓடியது. இரண்டு பேரும் பாஸ். வயலில் தண்ணீர் பாய்ந்தது, நெல் பிழைத்தது. சேகரின் விரல் பிழைக்கவில்லை. தேர்வெல்லாம் முடிந்து கட்டப் போனபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அதற்குப் பிறகு மெல்லிய கம்பி அவன் பிடியில் நிற்கவே இல்லை. ஒண்ணுக்கும் உதவாத நான் செங்கம் ரோட்டில் ரீவைண்டிங் கடை வைத்தேன். பெரியப்பா சாகும்வரை ஊர் மோட்டாரையெல்லாம் என் கடைக்கே அனுப்பிவைத்தார். மகனின் அந்தக் கையை நேராகப் பார்த்து அவர் பேசி நான் பார்த்ததில்லை.

அன்றைக்குத் தாழ்வாரத்தில் சேகர் மகளைக் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னான், அவள் காமர்ஸ்தான் என்றாள். அவனுக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது, கையை ஓங்கினான். அவள் துளிகூடப் பயப்படவில்லை. கோணிக்கொண்டு தனியே நின்ற அந்த விரலைப் பிடித்துக் கையைக் கீழே இறக்கி, "சும்மா இருப்பா, பேரு கூப்பிடுறாங்க" என்று உள்ளே போய்விட்டாள். காமர்ஸே எடுத்தாள்.

அந்தக் கொட்டாயை இடித்துவிட்டார்கள். கிணற்றைத் தூர்த்து, வயலை மனை போட்டு விற்றாகிவிட்டது. காப்பர் ஒயர் முறுக்கிய சாரும் இல்லை, ஓஸ் பைப்பை எடுத்த பெரியப்பாவும் இல்லை. அந்த அடி ஒழிந்ததே, அதற்கு நான் எங்கள் தீப மலைக்கே கற்பூரம் ஏற்றுவேன். யாராவது அந்தக் காலம்போல வருமா என்று என்னிடம் பேசினால் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

முதுகு இன்னும் கூசிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வெளியே போகலாம் என்று சேகரின் தோளைத் தொட்டேன். அவன் வார்னிஷ் அடித்த ஒரு பெஞ்சின் ஓரத்தில் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தான்.

"இருடா," என்றான். "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்."