பொழி வெட்டிய வாரம்

சுகுமாரிக்கு வீடு கொல்லயிலில், வேலை நெய்யாற்றின் கீழ்க்கரையில். காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, ஏழு மணிக்கு முன்னால் பம்ப் ஹவுஸ் கேட்டைத் திறந்துவிடுவாள். நாற்பத்தேழு வயது. அங்கே ஆபரேட்டர்கள் மூன்று பேர்; பெண் அவள் ஒருத்திதான். ஆற்றுத் தண்ணீரை இழுத்து மேட்டிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றிவிடுவது வேலை. அங்கிருந்து அது சுற்றியுள்ள ஊர்களுக்குக் குழாயில் போகும்.

அந்த வேலை முதலில் அவள் புருஷன் தங்கையனுடையது. கொரோனா இரண்டாம் அலையில் இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் தங்கையன் இறந்துபோனார். சுகுமாரி பிழைத்தாள். உடம்பை பிளாஸ்டிக்கில் பொதிந்து எரிக்கக் கொண்டுபோனதை மகள் பிரசீதா செல்போனில் காட்டினாள். பார்த்தாள். அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று இருந்தாள். பிறகும் வரவில்லை.

காய்ச்சலோடு போன மணம் அரைகுறையாகத் திரும்பியது. ருசி திரும்பவே இல்லை. மீன்குழம்பும் பாயசமும் வாயில் வெறும் சூடுதான். ஆளே போன வீட்டில் நாக்கைப் பற்றி என்ன பேச்சு என்று முதலில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வாரிசு வேலை கிடைத்தது. அதற்கப்புறம் சொல்ல முடியாமல் போயிற்று.

காரணம் உண்டு. அந்த பம்ப் ஹவுஸ் கடலுக்கு ரொம்பப் பக்கம். மலையில் பெய்த மழை அணையைத் தாண்டி, காட்டாக்கடை பக்கத்துத் தோடுகள், ஓடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு நெய்யாறாக இறங்கி, பூவாரில் கடலைத் தொடுகிறது. தொடும் இடத்தில் ஒரு மணல் திட்டு. அதைப் பொழி என்பார்கள். ஆற்றில் தண்ணீர் குறையும்போது கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். ஆற்றுக்குத் தெம்பு வந்தால் அதை உடைத்துக்கொண்டு போகும். பொழி திறந்து கிடந்து, மேலிருந்து வரும் தண்ணீரும் மெலிந்திருந்தால், கடல் உள்ளே ஏறும். உப்புத்தண்ணீர் கனம்; மேலே நல்ல தண்ணீர் ஓடும்போதே அது அடியில் ஊர்ந்து வரும். பம்பின் குழாய் வாயும் அடியில்தான் இருக்கிறது.

இதற்காக ஒரு மீட்டர் இருந்தது. கெட்டுப்போய் ரிப்பேருக்குப் போனது, வரவில்லை. அதனால் கோடையில் மோட்டாரைப் போட்டதும் பக்கத்துச் சிறு குழாயில் ஒரு வாய் பிடித்து, நாக்கில் வைத்துப் பார்ப்பது ஆபரேட்டர்கள் வழக்கம். சுகுமாரியும் பிடிப்பாள், வாயில் வைப்பாள், துப்புவாள், நோட்டில் ‘நார்மல்’ என்று எழுதுவாள். மூன்று கோடை அப்படியே போயிற்று. ஆறு அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நாலாவது கோடையில், மே மாதத் தொடக்கத்தில், இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. மேலே வயலெல்லாம் மண்ணடித்து வீடாகிவிட்ட பிறகு மழைத்தண்ணீருக்கு நின்று இறங்க இடமில்லை; பெய்த மணிநேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். கீழே பொழி அடைத்துக் கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் கரையிலிருந்த மீன்பிடிக்காரர்களின் வீடுகளில் ஏறிற்று. மூன்றாம் நாள் ஜேசிபி கொண்டுவந்து பொழியை வெட்டினார்கள். தேங்கிய தண்ணீர் ஒரே பகலில் கடலுக்குப் போய்விட்டது. மழையும் நின்றது. கடலை எதிர்த்துத் தள்ள ஆற்றில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த வாரமே பௌர்ணமி வாவு. கடல் ஏற்றம் அதிகம்.

பொழி வெட்டின செய்தி சுகுமாரியின் போனுக்கும் வந்தது. யாரோ ஒரு ஊரின் சமாசாரம் மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மோட்டாரைப் போட்டாள். ஒரு வாய் பிடித்தாள், துப்பினாள். ‘நார்மல்’ என்று எழுதினாள்.

மதியம் தாண்டியும் ஓடியது. பதினொரு மணிக்கு முதல் போன் வந்தது. சாயா வாயில் வைக்கக் கொள்ளவில்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னார். பிறகு ஒரு அங்கன்வாடியிலிருந்து; பிள்ளைகளுக்கு வைத்த கஞ்சியைக் கொட்டிவிட்டார்களாம். சுகுமாரி சிறு குழாயைத் திறந்து மறுபடி குடித்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர். மேலே நிலையத்தில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து மோட்டாரை நிறுத்தாமல் இருந்தாள்.

இரண்டு மணிக்கு கேட்டில் பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்றவள் குமாரி என்று ஒரு பெண். கையில் ஒரு லிட்டர் பாட்டில்.

“நீங்களாக்கும் இஞ்ச ஆபரேட்டர்?”

“ஆமா.”

“எனக்க அம்மைக்கு ஹார்ட்டுக்கு மருந்து எடுக்கியது. உப்பே தொடப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லியிருக்கு. காலையில இருந்து இந்த வெள்ளத்திலயாக்கும் மருந்து குடுத்தேன். கிழவி உப்பு உப்புண்ணு சொன்னா. நான்தான் பிராயத்துக்க தோணலுண்ணு நெனச்சேன். நீங்க குடிச்சுப் பாருங்க.”

டம்ளர் இல்லை. சுகுமாரி பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் குடித்தாள். பாதி பாட்டில் இறங்கிவிட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன சொல்லுதிய?” குமாரியின் குரல் இறங்கிவிட்டது.

“எனக்கு ஒண்ணும் தெரியல்ல,” என்றாள் சுகுமாரி.

அது உண்மை. ஆனால் கேட்டவர்களுக்கு அது திமிராகத்தான் பட்டது. பின்னாலிருந்த ஒருவன் போனை உயர்த்திப் பிடித்தபடி சொன்னான்: “கண்டாயாலே, உப்பு வெள்ளத்தக் குடிச்சிட்டு நம்மளப் பாத்து ஒண்ணும் இல்லையாம்! சர்க்கார் சம்பளத்துக்க கொழுப்பாக்கும்.”

அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் களியக்காவிளை தாண்டிப் போய்விட்டது.

அசிஸ்டன்ட் இன்ஜினியர் ஷீஜா மூன்று மணிக்கு ஜீப்பில் வந்தாள். முப்பது வயதுக்காரி. சிறு குழாயில் ஒரு வாய் பிடித்தவள் உடனே துப்பிவிட்டு, தானே போய் ஸ்விட்சை அணைத்தாள். சத்தம் நின்றதும் பம்ப் ஹவுஸ் காலியானது போல் ஆயிற்று. நோட்டைப் புரட்டினாள். மூன்று வருடத்துக்கு அவள் கையெழுத்தில் ‘நார்மல்’.

“சேச்சி, இது நாக்குல வச்சப்போ தெரியல்லியா?”

“இல்ல மேடம்.”

“எப்போலேர்ந்து?”

“நாலு வருஷம் ஆச்சு. அவரு போனப்போலேர்ந்து.”

ஷீஜா நோட்டை மூடினாள். திட்டுவாள் என்று சுகுமாரி நின்றாள். திட்டவில்லை. “என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கலாம்தான். வருத்தம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து பிரசீதா கூப்பிட்டாள். அங்கே நர்ஸ்.

“அம்மா, வீடியோ கண்டேன். உனக்கு ருசி தெரியல்லியா?”

“இல்ல மக்கா.”

“பின்ன நான் லீவுக்கு வரும்போ எங்ஙன கறி வச்ச? எல்லாம் சரியாத்தானே இருந்து?”

“கரண்டிக் கணக்குதான். ஒரு கறிக்கு உப்பு முக்கால் கரண்டி.”

அந்தப் பக்கம் பிரசீதா அழுதாள். சுகுமாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

மறுநாள் உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க ஷீஜா படகில் கிளம்பினாள். கடன் வாங்கிய மீட்டர் ஒன்று கிடைத்திருந்தது. “சேச்சியும் வாருங்க, எழுத ஒரு ஆள் வேணும்,” என்றாள். ஒவ்வொரு வளைவிலும் ஷீஜா மீட்டரை முதலில் மேலாக முக்குவாள், பிறகு கயிற்றில் கட்டி அடிக்கு இறக்குவாள். மேலே ஒரு எண், அடியில் அதைப் போல் பத்து மடங்கு. ஒரு இடத்தில் கயிறு போய்க்கொண்டே இருந்தது. முன்பு மணல் வாரின குழி. ஆற்றின் அடி அங்கே கடலைவிடத் தாழ்வு. ஏறின உப்பு, ஏற்றம் இறங்கினாலும் அந்தக் குழிகளிலேயே கிடக்கும், பெரிய மழை வந்து கழுவும்வரை. சுகுமாரி எண்களை எழுதினாள். பம்ப் ஹவுஸின் குழாய் வாய் அப்படி ஒரு குழிக்குப் பக்கத்தில் இருந்தது.

மூன்று வருடமாக அந்தத் தண்ணீரை ஏற்றுபவள் ஆறு முடியும் இடத்தை அன்றுதான் பார்த்தாள். சுற்றுலாப் படகுகள் கட்டிக் கிடந்தன. மணல் திட்டின் நடுவே வெட்டின வாய், முப்பது அடி அகலத்தில் தொடங்கினது, நூறு அடிக்கு இடிந்து அகன்றிருந்தது. கடல் அதன் வழியே சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து நார்பர்ட் என்ற மீன்பிடிக்காரர் இறங்கி வந்தார். வெட்டச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சுவரில் அவர் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. ஷீஜா யார் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டார்.

“மேடம், வெட்டினது தப்புண்ணு சொல்ல வந்தீங்கன்னா கேளுங்க. நாலு நாள் நாங்க ஸ்கூல்ல கெடந்தோம். எனக்க வலை, எஞ்சின் எல்லாம் வெள்ளத்தில. பண்டு மழை பெய்தா ஒரு வாரம் மெல்ல மெல்ல வரும், ஆறே பொழிய உடச்சிட்டுப் போவும். ஜேசிபி வேண்டாம். இப்போ மொத்தமா வருது, பின்ன ஒண்ணும் இல்ல. மேல நீங்க வயல மண்ணடிச்சு நெகத்திப்போட்டு, கீழ எங்கள குத்தம் சொல்லப்பிடாது.”

“குத்தம் சொல்ல வரல்ல,” என்றாள் ஷீஜா. “வெட்டும் முன்ன எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா மோட்டார நிறுத்தியிருப்போம். அது மட்டும்தான்.”

நார்பர்ட் யோசித்தார். “இவ்வளவு வருஷமா யாரும் நம்பர் தந்ததில்லையே.”

அவர் மனைவி ரோசா வாசலில், வெள்ளத்தில் நனைந்து காய்ந்த பாய்களை உதறிக்கொண்டிருந்தாள். சுகுமாரியை ஏறிட்டுப் பார்த்தவள் கிட்டே வந்தாள்.

“நீங்கதானே அந்த வீடியோவில?”

“ஆமா.”

“எனக்க தம்பிக்கும் கொரோனாக்குப் பிறகு மணம் கிடையாது. மீன் அழுகினாலும் தெரியாது, வீட்டுல கேட்டுத்தான் எடுப்பான்.” “உங்க வீட்டுல ஆள் யாராவது போச்சா?” என்று கேட்டாள்.

“வீட்டுக்காரர்.”

ரோசா பாயின் ஒரு முனையைச் சுகுமாரியிடம் நீட்டினாள். இருவரும் பிடித்து உதறினார்கள். காய்ந்த சேறு பொடியாய்ப் பறந்தது. ஏழெட்டுப் பாய் இருந்தது. எல்லாவற்றையும் உதறி முடிக்கும்வரை ஷீஜா படகில் காத்திருந்தாள்.

சுகுமாரிக்கு ஒரு மெமோ வந்தது. ஷீஜா எழுதிய அறிக்கையில், மீட்டர் இல்லாமல் ஆளின் நாக்கை நம்பி நடத்தியது துறையின் பிழை என்றும் ஒரு வரி இருந்தது. அதனால் வேலை போகவில்லை. ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. குமாரியின் அம்மை கால் வீங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சுகுமாரி போய்ப் பார்த்தாள். கிழவி அவளை அடையாளம் தெரியாமல், யாரோ சொந்தக்காரி என்று நினைத்து உட்காரச் சொன்னாள். குமாரி உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. கால்மணி நேரம் இருந்துவிட்டு எழுந்தாள்.

ஜூனில் புது மீட்டர் வந்தது. கோடையில் கடல் இறங்கும் நேரம் பார்த்துத்தான் மோட்டார் போடவேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஏற்ற இறக்க நேரங்களை ஒரு அட்டையில் எழுதி ஒட்டும் வேலை சுகுமாரியுடையது. பம்ப் ஹவுஸ் நம்பரை நார்பர்ட் வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் கூப்பிடுவது ரோசாதான்.

பிப்ரவரியில் ஒரு காலை அழைப்பு வந்தது.

“பொழி அடச்சாச்சு. இந்தத் தவண கொஞ்சம் நேரத்தோடயே. வெட்டணும்ணு வந்தா முன்னாலயே சொல்லுதேன்.”

“சரி.”

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு,” என்றாள் சுகுமாரி. போனைக் காது மாற்றி வைத்து, “நீங்க?” என்று கேட்டாள்.

“அடுப்புல கெடக்கு. இவரு வரணும்.”

அட்டையில் அன்றைய இறக்கம் ஒன்பது இருபது. மோட்டார் போட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சுகுமாரி போனை வைக்காமல், ரோசா வீட்டுப் பாத்திரங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.