ருசி பார்த்தால் சாப்பிட்டதாகுமா?

முந்திரியும் பாதாமும் கடலையும் வறுக்கும் அந்தக் கூடத்தில் அவரை எல்லாரும் 'நாக்கு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு எடுத்து வாயில் போடுவார். அவர் தலையை ஆட்டினால்தான் சரக்கு பொட்டலத்துக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் போச்சு, அந்தத் தட்டு ஓரங்கட்டப்படும். முதலாளியம்மாவே அந்த உதட்டுக்குப் பயப்படுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சிறுநீரகம் பழுது. இன்னும் கைமீறிப் போகவில்லை, வாயைக் கட்டினால் பல வருஷம் ஓட்டலாம் என்றார் டாக்டர். அவரும் கட்டினார், அதாவது கட்டியதாக நினைத்துக்கொண்டார். உப்பைக் குறைத்தார், வாழைப்பழத்தை மறந்தார். மனைவி காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைத்தாள். இத்தனை செய்தும் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறிக்கொண்டே போயின.

மருத்துவமனையில் உணவு முறை சொல்லித்தரும் பெண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"முந்திரி, பாதாம், கடலைன்னு ஏதாவது சாப்பிடறீங்களா ஐயா? அதுலதான் இது ரெண்டும் ஜாஸ்தி."

"சத்தியமா இல்லம்மா. வீட்டுக்குள்ளயே அதெல்லாம் வர்றதில்ல."

பொய் சொல்லவில்லை, பாவம். ஆனால் கூட வந்திருந்த மனைவியும் அதே கூடத்தில் பொட்டலம் போடுகிறவள். அவளுக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, நாள் முழுக்க வாயில போடறீங்களே, அது?"

"அடியே, அது வேலை. ருசி பார்த்தா சாப்பிட்டதாகுமா?"

"வயித்துக்குள்ளதானே போகுது?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாயில் போடும் ஒவ்வொரு தடவையும் அதே அளவை ஒரு டம்ளரிலும் போட்டு வைக்கச் சொன்னாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குள் டம்ளர் நிரம்பி வழிந்தது. அதில் பாதி உப்பு போட்ட சரக்கு. அவர் டம்ளரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அப்போதும் சிறுநீரகத்தைவிட வேலைதான் முதலில் கண்முன் வந்து நின்றது. நாக்கை மூட்டை கட்டி வைத்துவிட்ட நாக்கு அண்ணனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

மனைவிதான் முதலாளியம்மாவிடம் பேசினாள். உடைத்து நிறம் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது அவர் பொறுப்பு. வாயில் போடுவது தன் பொறுப்பு என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலை ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொல்லாத மனிதர், இப்போது தட்டுக்குத் தட்டு அவள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. அவளும் சும்மா விடுவாளா? வேண்டுமென்றே மெதுவாக மென்றாள்.

"லேசா கருகல்."

"இருக்கவே இருக்காது," என்று ஒன்றை உடைத்தார். நடுவில் பழுப்பேறியிருந்தது. அவரே தட்டை ஒதுக்கினார்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இறங்கியிருந்தன. வேலையும் போகவில்லை. மருத்துவமனைப் பெண் ஒரு சலுகையும் கொடுத்தாள்: உப்பில்லாத கடலை, உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும் அளவு, எப்போதாவது ஒருநாள். அன்றைக்கு மற்ற சாப்பாட்டை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். மேற்கொண்டு எதுவானாலும் அடுத்த பரிசோதனையைப் பார்த்துத்தான்.

சாயங்காலம் மனைவி சின்னக் கிண்ணத்தில் கடலை கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒன்றை முன்பல்லால் கடித்து, பச்சை வாடை இருக்கிறதா, எண்ணெய்ச் சிக்கு அடிக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.

"இங்க யாரும் பொட்டலம் போடக் காத்திருக்கலங்க. சும்மா சாப்பிடுங்க."

அடுத்ததை நிதானமாக மென்றார். பிறகு இன்னொன்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏண்டி, கடலை இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்றார்.