கையெழுத்துத் தெரிந்த சீட்டுகள்

எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து, முதலாண்டு மாணவிகளுக்கு அரசியல் அறிவியல் நடத்தியபோதும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டேதான் இருந்தேன். அரசு, இறைமை, வாக்குரிமை என்று நான் வாயைத் திறந்தால் போதும், முப்பத்தெட்டுத் தலைகளும் நோட்டின் மேல் கவிழ்ந்துவிடும். தும்மினால்கூட எழுதிக்கொள்வார்கள். "நோட்ஸா குடுத்துடுங்க மேடம்" என்பதைத் தவிர ஒரு கேள்வி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் பேனாக்களை மூடச் சொல்லிவிட்டு, வகுப்புத் தலைவிக்குத் தேர்தல் என்று அறிவித்தேன். வழக்கமாக மதிப்பெண் பார்த்துத் துறையே ஒருத்தியை நியமித்துவிடும். முதல் மதிப்பெண் வாங்கும் மாட வீதிப் பெண், "ஆத்துல கேட்டுண்டு வந்துடறேன் மேடம்" என்று ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு நின்றாள். எதிர்த்து நின்றவள் நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா சாலையோரம் மீன் விற்பவர். "நான் வந்தா தமிழ்லயும் நோட்ஸ் கேட்டு வாங்கித் தரேன்" என்றாள். அவளுடைய தோழிகள் மூவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நால்வருக்கும் ஒரே பெஞ்சு. சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள்.

யார் யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியக்கூடாது, அப்போதுதான் பயமில்லாமல் வாக்களிக்க முடியும் என்று அரைமணி நேரம் முழங்கினேன். நோட்டிலிருந்து கிழித்த துண்டுத் தாளில் பெயரை எழுதி, மடித்து, என் துணிப்பையில் போட்டார்கள். துறை அறையில் தனியாக உட்கார்ந்து எண்ணினேன். மூன்றாவது சீட்டிலேயே புரிந்துவிட்டது. போன வாரம்தான் இவர்களுடைய முதல் தேர்வுத்தாள்களைத் திருத்தியிருந்தேன். ஒவ்வொரு கையெழுத்தும் எனக்குத் தெரிந்தது.

அங்கேயே நிறுத்தி, வேறு யாரையாவது எண்ணச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏது அந்தப் பொறுமை? கடைசிச் சீட்டுவரை பார்த்தேன். நொச்சிக்குப்பத்துப் பெண்ணுக்கு நாலே வாக்குகள். ஒன்று அவளுடையது, மற்ற மூன்றும் அவளோடு அதிகம் பேசாத பெண்கள் போட்டவை. தோழிகள் மூவரும் மாட வீதிப் பெண்ணுக்குப் போட்டிருந்தார்கள்.

முடிவை வகுப்பில் சொன்னபோது அவள் முகம் வாடவே இல்லை. "விடுங்கடி, நம்ம நாலு ஓட்டும் நம்மகிட்டயே கீது இல்ல" என்று தோழிகளைப் பார்த்துச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் நால்வரும் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தார்கள். அவளை உள்ளே போகச் சொன்னேன். மற்ற மூவரையும் வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். "கூட இருந்தே குழி பறிக்கறவங்களுக்கு என் கிளாஸ்ல எடமில்ல" என்று முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். மதியம் வராந்தாவில் அவளை நிறுத்தினேன்.

"ஏம்மா எடம் மாறிட்ட?"

"நீங்கதான சொன்னீங்க மேடம்."

"நான் யார் பேரையும் சொல்லலையே!"

"நாலு பேரும்தான் லேட்டு. என்னை மட்டும் உள்ள விட்டீங்க. எங்க கையெழுத்தெல்லாம் உங்களுக்குத் தெரியும் மேடம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் குரலில் கோபமே இல்லாதது இன்னும் வெட்கமாக இருந்தது.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் மேடம் தெரிய வச்சீங்க? இனிமே நான் யார்கூட ஒக்காந்து சாப்டறது?"

முதல்வர் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.