போர்வைக்குள் ஒரு பேரம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்குனி வெயில் கொளுத்திய சமயம், திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். சந்தைக்குப் போய்விட்டு, ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு பைக்கில் திரும்பும்போது விழுந்து தலையில் அடி. வாய் வழியாக மூச்சுவிடக் குழாய் போட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்திருந்தார்கள். நினைவே இல்லை.

சில நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தொண்டையில் சின்னதாகத் துளை போட்டு, குழாயை அது வழியாக மாற்ற வேண்டும் என்றார். இவரோ நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷன். அவர் கழுத்தில் போய்க் கத்தியை வைப்பதாவது!

“பயப்படாதீங்கம்மா. முன்னல்லாம் தியேட்டருக்குக் கொண்டுபோயி, ரொம்ப யோசிச்சுதான் செய்வோம். இப்ப கட்டில்லயே வச்சு சீக்கிரமா செஞ்சிருதோம். தேறினதும் குழாயை எடுத்துட்டா துளை மூடிக்கிடும்” என்றார். அழுதுகொண்டே சம்மதித்தேன்.

கீழே இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண், “இந்த ஆபரேஷனுக்கு இப்பல்லாம் உடனே ஒப்புதல் வந்திருதுக்கா. அதுக்கப்புறம் படுத்திருக்க நாளுக்குத்தான் கேள்வி மேல கேள்வி கேக்காங்க” என்றாள்.

அப்படியேதான் ஆனது. குழாயை மாற்றி, மயக்க மருந்தைக் குறைத்த பிறகும் அவர் கண்ணைத் திறந்து மேலேயே வெறித்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை. முன்னேற்றம் ஏதாவது உண்டா என்று இன்சூரன்ஸில் கேட்டார்கள். இருந்தால்தான் மேற்கொண்டு அங்கே வைத்திருக்க அனுமதி. டாக்டர் உள்ளதைத்தானே எழுத முடியும்?

“மைனி, அண்ணனுக்கு நாம சொல்லுதது ஒண்ணும் விளங்கல. வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்” என்றார் என் கொழுந்தனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகவா வீட்டுக்குக் கொண்டுபோவது?

மறுநாள் பார்வை நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்ததும் கல்யாணமான புதிது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். வீட்டில் பெண்டாட்டிக்கு அதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? இவர் தந்தார். பாபநாசம் போகிற பஸ்ஸில், மாமனாரும் மாமியாரும் முன் சீட்டில் இருக்க, துண்டுக்குள்ளே என் கையை இழுத்து வைத்துக்கொள்வார். எத்தனை முழம் பூ வேண்டும் என்று கேட்கிறாராம்! நான் அவருடைய நாலு விரலைப் பிடிப்பேன். தரகு புத்தி போகுமா? மூன்று போதும் என்று ஒரு விரலை உருவிக்கொள்வார். நான் விடாமல் மறுபடி பிடிப்பேன். மாமியார் திரும்பி, “என்னட்டி, தனியா சிரிக்க?” என்பார். அம்பாசமுத்திரத்தில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் நாலு முழமே வாங்கி வருவார். எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை!

போர்வையை இழுத்து எங்கள் கைகளை மூடினேன். நாலு விரலைப் பிடித்தேன்.

“நாலு முழம்ங்க” என்று காதில் சொன்னேன்.

ஒன்றும் இல்லை. பிறகு பைய ஒரு விரல் என் பிடியிலிருந்து நழுவியது. தானாக நழுவியதாக இருக்குமோ? மறுபடி நாலையும் இறுக்கிப் பிடித்தேன். மறுபடியும் அதே விரலை உருவினார்.

“ஐயோ, பேரம் பேசுதாரு!” என்று கத்திவிட்டேன். ஓடிவந்த நர்ஸ், “கை தானாவே அசையும்மா, ஏமாந்துராதீங்க” என்றார். டாக்டர் வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வந்தவர், நான் விரல் பேரத்தைச் சொன்னதும், போர்வைக்குள் தன் கையை விட்டு, “அண்ணாச்சி, ரெண்டு” என்றார். இவர் அவருடைய இரண்டு விரலைப் பிடித்தார். “மூணு.” மூன்றைப் பிடித்தார்.

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “கையைத் தூக்கச் சொன்னா தூக்கல. பேரம்னதும் எந்திரிச்சு வாராரே மனுஷன்!” என்றார். அன்றைக்கே இன்சூரன்ஸுக்கு எழுதி அனுப்பினார், அனுமதியும் வந்தது. அதைச் சொல்ல வந்த இன்சூரன்ஸ் மேசைப் பெண்ணுக்கு, எனக்கு முன்னால் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் மெல்ல மெல்லத் தேறினார். குழாயை எடுத்தார்கள், துளை மூடியது. கழுத்தில் ஒரு தழும்பு, குரலில் ஒரு கரகரப்பு. சந்தைக்குப் போவதில்லையே தவிர, வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை.

போன மாதம் பாபநாசம் போகும்போது, பஸ்ஸில் மடியில் துண்டை விரித்துக் கையை நீட்டினார். நாலு விரலைப் பிடித்தேன். ஒன்றை உருவிக்கொண்டார். முன்னெல்லாம் விட்டுக்கொடுத்ததே இல்லை. இப்போது மூன்று முழத்துக்கே சரி என்று விட்டுவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஒரு முழத்தை அவர் குறைத்ததால்தானே, இன்றைக்கும் என் தலையில் பூ இருக்கிறது.