ஏசி மாட்ட வந்தவர்

தக்கலையில் எங்கள் புது வீட்டுக்கு ஏசி மாட்ட வந்தவர், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. கருவிப்பையைத் திறக்கும் முன் ஒவ்வொரு சுவரிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

கரண்ட் குறைவாக இழுக்கும், சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஏசியாகத் தேடி வாங்கியதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். வெளியே வைக்கும் பெட்டிக்குப் பக்கச் சுவரைக் காட்டினேன். அவர் மூன்றடி தள்ளியிருந்த பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். உள்ளே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், சூடுகாத்து முழுக்க அங்கோட்டுத்தான் போவும். பச்சப்பிள்ள கெடக்குல்லா? முன்பக்கம் வைப்போம்."

"முன்பக்கம் வச்சா வீட்டு அழகு கெட்டுப்போவும்."

"அப்படின்னா என்னால மாட்ட முடியாது சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வேறொருவர் வந்து நான் காட்டிய இடத்திலேயே மாட்டினார். அதன்பின் பக்கத்து வீட்டார் அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை.

சில மாதம் கழித்து, பேருந்து நிலையத்தில் முதலில் வந்தவரே என்னைக் கண்டு அருகில் வந்தார்.

"கடைசியில எங்க வச்சிய சார்?"

"முன்பக்கந்தான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும் சார், நீங்க கேப்பியன்னு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என்மேல் அவருக்கு அந்த நம்பிக்கை எப்படி வந்ததென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.